பானெட்டுக்குள்ளே ஒரு பரம்பரைப் புளுகு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “உள்ளே இருக்கிறது எந்த இன்ஜின்?” சம்பளத்தைக் கேட்கலாம், வயதைக் கேட்கலாம், மழை வந்தால் கூரை ஒழுகுமா என்றுகூடக் கேட்கலாம். இதைக் கேட்டால் மட்டும் மனிதர் நெஞ்சை நிமிர்த்தி ஒரு நம்பர் சொல்வார். நீங்கள் டார்ச்சோடு குனிந்தால், “பிளாக் மட்டும் மாத்தினது” என்பார். இன்னும் கொஞ்சம் குனிந்தால், “ஹெட்டும்தான்” என்பார். டார்ச் கார்புரேட்டர் பக்கம் திரும்புவதற்குள் டீ சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கார்கள் பிறந்த விதமே அப்படி. வெளியே நீண்ட பானெட், கம்பிச் சக்கரம், மடக்கிப் போடும் கண்ணாடி, ஓட்டுகிறவர் கழுத்தில் பட்டுத் துணி. உள்ளே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வரும் குடும்பக் காரின் இன்ஜின். சில சமயம் டிராக்டருக்குப் பங்காளி. ஒரு முறை தீயணைப்புப் பம்பு. இந்த உண்மை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள இங்கிலாந்து ஐம்பது வருஷம் பட்ட பாட்டைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் சரித்திரம் என்று கெட்டி அட்டை போட்டு விற்கிறார்கள்.

எம்ஜியிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேர் பார்த்து முன்னுக்கு வந்த வில்லியம் மாரிஸுக்கு, அதே ஊரில் மாரிஸ் கராஜஸ் என்றொரு கார் விற்பனை நிலையம் இருந்தது. 1922-ல் அதற்கு மேனேஜரானவர் செசில் கிம்பர். முதலாளி தயாரித்த சாதுவான மாரிஸ் காருக்கு அழகான மேல்கூடு ஒன்றை மாட்டி, விலையையும் அழகாக ஏற்றி விற்கலாம் என்பதே கிம்பரின் மகத்தான கண்டுபிடிப்பு. கடைப் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ஓர் எண்கோணத்துக்குள் போட்டார். அத்தோடு விட்டாரா? எண்கோணப் பித்து தலைக்கேறி, கண்ணில் பட்ட தகட்டையெல்லாம் எட்டு மூலையாக வெட்ட ஆரம்பித்தார்கள். 1929-ல் ஜாகை ஆபிங்டனுக்கு மாறியது. போய்ச் சேர்ந்த இடம், பாவ்லோவா தோல் கம்பெனியில் சும்மா கிடந்த ஒரு பகுதி. தோல் விவகாரம் பின்னால் மறுபடி வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும்.

அதற்கு முந்தைய வருஷம் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் எம்-டைப் மிட்ஜெட் அறிமுகமாகியிருந்தது. விலை 175 பவுண்டு. மேல்கூட்டில் தகரத்துக்குப் பதில் துணி. இன்ஜின் 847 சிசி, 20 குதிரைசக்தி, மாரிஸ் மைனரிலிருந்து தூக்கி வைத்தது. ஆனால் அந்தக் குட்டி இன்ஜினுக்குள் பெரிய இடத்து ரத்தம் ஓடியது. திவாலாகி 1927-ல் விலைக்கு வந்த உல்ஸ்லி கம்பெனியை, ஆஸ்டினோடு போட்டி போட்டு மாரிஸ் வாங்கியிருந்தார். உல்ஸ்லிக்காரர்கள் முதல் உலகப் போரில் ஹிஸ்பானோ-சூயிஸா விமான இன்ஜினை லைசென்ஸ் பெற்றுச் செய்தவர்கள். ஆகாயத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? மைனருக்கும் கேம்ஷாஃப்டைத் தலைக்கு மேலே வைத்தார்கள். கீழேயிருந்து அதைச் சுழற்ற, செங்குத்தாக ஒரு தண்டு வேண்டும். தனித் தண்டு எதற்கு வீண் செலவு என்று டைனமோவையே நிமிர்த்தி நிறுத்தி, அதன் அச்சே கேம்ஷாஃப்டையும் சுழற்றட்டும் என்று முடிவு செய்தார்கள். சிக்கனத்தில் மெய்சிலிர்க்க வைக்கும் ஏற்பாடு. மேலே எண்ணெயில் குளிக்கும் கேம்ஷாஃப்ட், நேர் கீழே மின்சாரம் உண்டாக்கும் டைனமோ. எண்ணெய் எந்தத் திசையில் போகும் என்று நியூட்டன் பிறந்த தேசத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே இந்த இன்ஜினை அடையாளம் காண நம்பரைத் தேட வேண்டியதில்லை. முன்னால் டைனமோ நிமிர்ந்து நிற்கும். அதற்குள் எண்ணெய் இறங்கியிருக்கும்.

20 குதிரை என்று சொன்னேன். அரசாங்கத்தைக் கேட்டால் எட்டே குதிரைதான் என்று சத்தியம் செய்யும். இங்கிலாந்தில் அப்போது வரிக்கென்று ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். வந்த விடை வரிக் குதிரை. 1921-லிருந்து குதிரை ஒன்றுக்கு வருஷம் ஒரு பவுண்டு. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்று சூத்திரம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கென்ன பைத்தியமா? அகலத்தைச் சுருக்கி உயரத்தை நீட்டினார்கள். எம்ஜி டிசி என்ற காருடைய இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 66.5 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. சூத்திரப்படி 11 குதிரைக்குச் சற்றுக் குறைவு. ரோட்டில் 54 குதிரை. நீள ஸ்ட்ரோக் இன்ஜினின் இழுவையே தனி என்று பிற்காலத்தில் உருகி உருகி எழுதினார்கள். அந்த இழுவையின் மூல ஆசிரியர் வருமான வரி ஆபீசர் இல்லை என்றாலும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்.

டிசி 1945-ல், போர் முடிந்த கையோடு வந்தது. அதன் இன்ஜினுக்குப் பெயர் எக்ஸ்பிஏஜி, 1250 சிசி, அண்ணன் தம்பியாக இரண்டு எஸ்யு கார்புரேட்டர். அடுத்து வந்த டிடிக்கும், அதற்கடுத்த டிஎஃப்புக்கும் இதே இன்ஜின்தான். கடைசியில் டிஎஃப் 1500 மட்டும் எக்ஸ்பிஇஜி என்ற 1466 சிசி வாரிசைப் பெற்றது. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஜி என்றால் எம்ஜி. இதே குடும்பத்தில் எக்ஸ்பிஜேஎம் உண்டு. அது மாரிஸ் டென் காருக்குப் போன 1140 சிசி. அந்த மாரிஸ் டென்தான் இந்தியாவில் இறங்கி ஹிந்துஸ்தான் 10 என்று பெயர் மாற்றிக்கொண்டது. எக்ஸ்பிஏடபிள்யூவும் உண்டு. டபிள்யூ என்றால் உல்ஸ்லி. உல்ஸ்லி 4/44 என்ற, டாக்டர்களும் வக்கீல்களும் நிதானமாக ஓட்டிய சலூன் காரின் இன்ஜின். அளவு அதே 1250 சிசி. காயலான் கடையில் உல்ஸ்லி மலிவு, எம்ஜி கிராக்கி. இடையில் ஓர் எழுத்துதான் தடை. ஒரு அரமும், எழுத்துப் பொறிக்கிற உளியும் கையில் இருந்தால் ஓர் எழுத்து எம்மாத்திரம்?

அதனால்தான் டார்ச் வேண்டும் என்கிறேன். இன்ஜின் நம்பர் எண்கோணத் தகட்டில் இருக்கும், ரிவெட் அடித்திருக்கும். நம்பரைப் படிப்பது இரண்டாவது வேலை. முதலில் ரிவெட்டின் தலையைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எழுபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அடை அடையாக அப்பியிருக்க, ரிவெட் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதாய்ப் பளபளத்தால், தகடு வேறெங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, ஒன்று மட்டும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தகட்டின் மேல் ஏன் நான்கு கோட்டிங் பெயின்ட்? ஹெட்டைக் கழற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தால் இன்னும் விசேஷம். எக்ஸ்பிஏஜியில் பழைய பிளாக்கும் ஹெட்டும் தண்ணீர் போவதற்கு வாழைப்பழ வடிவத்தில் ஓட்டை வைத்தவை. பின்னால் வந்தவற்றில் வட்ட ஓட்டை. வாழைப்பழத்தின் மேல் வட்டத்தைக் கவிழ்த்து, நடுவே ஏதோ ஒரு கேஸ்கட்டை வைத்து இறுக்கி, “எல்லாமே பேக்டரி ஃபிட்டிங்” என்று விற்ற புண்ணியவான்கள் உண்டு.

ஓட்டை பொய் சொன்னாலும் மரை பொய் சொல்லாது. இந்த இன்ஜினில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதன் தலைக்கு இங்கிலீஷ் விட்வர்த் ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்தும். அதே அளவில் இங்கிலீஷ் நட்டை எடுத்துப் போட்டால் ஏறாது. காரணம், மரை மெட்ரிக். அதாவது பிரெஞ்சு. முதல் உலகப் போரில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு துப்பாக்கி கம்பெனி, ஜெர்மன்காரன் பாரிஸுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஒரு தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் மெஷின் கன் கேட்பாரில்லை. மெஷின்களைத் துருப்பிடிக்க விடாமல் மாரிஸுக்கு இன்ஜின் செய்து கொடுத்தார்கள். 1923-ல் மாரிஸ் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். உள்ளே இருந்த மரை போடும் கருவிகளெல்லாம் மெட்ரிக். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் காசு. வாங்காவிட்டால் ஊரில் ஒருத்தனிடமும் அந்த அளவுக்கு ஸ்பானர் கிடையாது. என்ன செய்வது? மரையைப் பிரெஞ்சாகவே விட்டுவிட்டு, தலையை மட்டும் இங்கிலீஷ் அளவில் செய்தார்கள். 1955-ல் டிஎஃப் நிற்கும்வரை இதே கூத்து. எம்ஜி என்றால் இங்கிலாந்து, இங்கிலாந்து என்றால் எம்ஜி என்று மார்தட்டியவர்களின் இன்ஜின் போல்ட் ஒவ்வொன்றிலும் ஒரு பிரெஞ்சுக்காரன் குறுக்கே உட்கார்ந்திருந்தான்.

இதற்கிடையே 1952-ல் ஆஸ்டினும் மாரிஸும் கல்யாணம் செய்துகொண்டு பிஎம்சி ஆனார்கள். கல்யாணம் என்பது உபசாரம். மாரிஸிடம் வேலை பார்த்து, சண்டை போட்டு வெளியேறிய லெனர்ட் லார்டு, ஆஸ்டினில் தலைவராகித் திரும்பி வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார் என்பதே உள்ளபடி நடந்தது. மருமகள் வந்த வேகத்தில் மாமியார் வீட்டுப் பாத்திரம் எல்லாம் பரணுக்குப் போயிற்று. எக்ஸ்பிஏஜிக்கு மங்களம். இனி எல்லோருக்கும் ஆஸ்டினின் பி-சீரிஸ்.

பி-சீரிஸ் என்பது ஒரே பானையில் அரைத்து வைத்த மாவு. அதையே காலையில் இட்லி, மாலையில் தோசை, மறுநாள் பணியாரம் என்று பதினைந்து வீட்டுக்குப் பரிமாறினார்கள். 1947-ல் ஆஸ்டின் ஏ40-ல் 1200 சிசியாகப் புறப்பட்டது. 1489 ஆனது, 1588 ஆனது, 1622 ஆனது, 1798-ல் போய் நின்றது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜுக்கும் அதுதான், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதுதான், வேனுக்கும் அதுதான். 1955-ல் வளைந்து நெளிந்து வந்த எம்ஜிஏவுக்கும் அதே 1489 சிசிதான். இங்கே நாம் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். நம்மூரில் மந்திரி, கலெக்டர், கல்யாண மாப்பிள்ளை என்று சகலரையும் சுமந்த அம்பாசடரில் பல்லாண்டு ஓடியதும் இந்த 1489 சிசி பி-சீரிஸே. எம்ஜிஏவுக்கு இரண்டு கார்புரேட்டர், கூர்மையான கேம். அம்பாசடருக்கு ஒற்றைக் கார்புரேட்டர், பொறுமை. 1955-ல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்ஜிக்கும், கோட்டை வாசலில் மர நிழலில் நின்ற வெள்ளை அம்பாசடருக்கும் வயிறு ஒன்று. எம்ஜிஏ சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகம் போகும் போக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

பிஎம்சிக்காரர்கள் நம்பரிலாவது ஒழுங்கு காட்டினார்கள். 15ஜிபி என்று தகட்டில் இருந்தால் 1.5 லிட்டர், ஜி என்றால் எம்ஜி, பி என்பது அதில் எந்த ரகம் என்பதற்கு. எம்ஜிஏ 1600-க்கு 16ஜிஏ. அதன் மார்க் 2-க்கு 16ஜிசி. நடுவில் ஒரு 16ஜிபி இருக்கிறதல்லவா? அங்கேதான் பணம். அது ட்வின் கேம், சுமார் 2,100 கார்களுக்கு மட்டும் கிடைத்த இன்ஜின். வேகம் பிரமாதம், பிஸ்டனில் ஓட்டை போட்டுக்கொள்வதும் பிரமாதம். வாங்கியவர்கள் கதறினார்கள், 1960-ல் கடையைக் கட்டினார்கள். குறிப்பிட்ட வேகத்தில் கார்புரேட்டர் நடுங்கி, உள்ளே பெட்ரோல் நுரைத்து, கலவை மெலிந்து பிஸ்டன் வெந்தது என்று ஆற அமரப் பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். ஓடும்போது ஒருவருக்கும் வேண்டாதது, ஓடாமல் போனபின் விலை ஏறியது. இந்தத் தொழிலில் இது சகஜம்.

எம்ஜிபி 1962-ல் வந்தபோது 18ஜி. கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் 18ஜிபி வந்தது, ஐந்து பேரிங். மூன்றுக்கும் ஐந்துக்கும் கிராங்க் வேறு, பின் தட்டு வேறு. தெரியாமல் பாகம் வாங்கினவர்களின் ஷெட்டில் இன்றைக்கும் ஒரு கிராங்க் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். எழுபதுகளில் நம்பர் 18வி என்று தொடங்கியது. பக்கத்திலேயே மாரிஸ் மரீனா என்றொரு கார், அதற்கும் 1.8 லிட்டர் பி-சீரிஸ், அதன் நம்பரும் 18வி என்றே தொடங்கும். மரீனாவை இங்கிலாந்து மக்கள் நிறையவே வாங்கினார்கள். அது துருப்பிடித்துச் செத்தபோதெல்லாம் உறுப்பு தானம் செய்தது. இன்று ‘அசல் எம்ஜிபி’ என்று மெழுகு பூசி நிற்கிற சிலவற்றுக்கு இதயம் மரீனாவுடையது.

திருட்டு எப்போதும் தனியார் துறையில்தான் நடந்தது என்று நினைக்க வேண்டாம். கம்பெனியே செய்தது. இன்ஜின் தேய்ந்து போனால் பிஎம்சி டீலரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு, வேறு யாரோ கொடுத்ததைப் புதுப்பித்து, தங்க நிறப் பெயின்ட் அடித்து, ‘கோல்டு சீல்’ என்று பெயர் சூட்டி, வேறு நம்பரோடு மாட்டி அனுப்புவார்கள். எல்லாம் ரசீதோடு. சந்தோஷமாக ஓட்டிப்போனார்கள். இன்றைக்கு அந்தக் காரை வாங்கிய பேரப்பிள்ளை, கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் பணம் கட்டி, பழைய தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து சர்ட்டிஃபிகேட் வரவழைக்கிறான். ஆபிங்டனிலிருந்து எந்தத் தேதியில் எந்த இன்ஜின் நம்பரோடு வெளியே போனது என்று அதில் தெளிவாக இருக்கும். பானெட்டைத் திறந்தால் தங்கம். தங்கம் கிடைத்ததற்காக மனிதன் அழுகிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

இனி கார்புரேட்டர். தோல் என்று சொன்னேனே, இதோ வந்துவிட்டது.

லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்று ஒரு பிரபலமான ஷூ கடை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னருக்கு ஷூவில் மனம் ஒட்டவில்லை, கார் பைத்தியம். அக்காலத்துக் கார்புரேட்டர்கள் ஏதாவது ஒரு வேகத்தில் ஒழுங்காக இருந்து, மற்ற வேகங்களில் இருமும். காற்று போகும் வழியின் அகலம் தானாகவே கூடிக் குறைந்தால் என்ன என்று ஸ்கின்னர் யோசித்தார். இன்ஜின் இழுக்கிற வெற்றிடத்துக்கேற்ப ஏறி இறங்குகிற ஒரு துருத்தி வேண்டும். துருத்திக்கு எதைப் போடுவது? வீட்டில் எது குவிந்து கிடந்ததோ அதை. தோலில் துருத்தி செய்தார். தம்பி தாமஸ் கார்லைல் ஸ்கின்னரையும் சேர்த்துக்கொண்டு 1910-ல் கம்பெனி தொடங்கினார். ஸ்கின்னர்ஸ் யூனியன், சுருக்கமாக எஸ்யு. தோல் போய் உலோக பிஸ்டன் வந்தது. 1926-ல் கம்பெனி மாரிஸ் கைக்குப் போனது. அவர் எதைத்தான் விட்டார்?

வேலை செய்யும் விதம் இன்றைக்கும் கைதட்டல் வாங்கக்கூடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிஸ்டன் எழும்பும். பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் எழும்பும். ஊசி எழ எழ, கீழே ஜெட்டில் வழி பெரிதாகி, கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல். பிஸ்டன் துள்ளாமல் இருக்க மேலே ஒரு குழாயில் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான். அந்த எண்ணெய் எந்தக் கிரேடு என்பதில் மட்டும் பல வருஷமாகச் சண்டை. அதில் நான் தலையிடவில்லை, எனக்குக் குடும்பம் இருக்கிறது.

எஸ்யுவை அடையாளம் காண முதலில் ஃப்ளோட் சேம்பர் எங்கே என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒட்டி நின்று, பெட்ரோல் உள்ளுக்குள்ளேயே போனால் எச் ரகம். அங்கிருந்து ஜெட்டுக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் வெளியே தொங்கினால் எச்எஸ். ஃப்ளோட் சேம்பரே காணோம், அடிவயிற்றுக்குள் போய்விட்டது என்றால் எச்ஐஎஃப். அதற்குப் பின்னால் வருகிற எண்தான் வாயின் அளவு, அதுவும் அரைக்கால் அங்குலக் கணக்கில். எச் 2 என்றால் ஓர் அங்குலத்தோடு இரண்டு அரைக்கால், ஆக ஒன்றேகால். எச் 4 ஒன்றரை. எச் 6 ஒன்றேமுக்கால். எச் 8 இரண்டு. கால்குலேட்டர் பிடித்த வெள்ளைக்காரப் பையன்கள் இதில் திணறுவார்கள். கீழ்வாய் இலக்கம் படித்த நம் தாத்தாக்கள் வெற்றிலையை மடித்தபடியே சொல்லிவிடுவார்கள்.

சரியான ஆதாரம் ஃப்ளோட் சேம்பர் மூடியின் திருகில் மாட்டிய சின்ன அலுமினியப் பில்லை. கார்புரேட்டர் எந்தக் காருக்கானது என்ற நம்பர் அதில் உண்டு. ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றும்போதும் பில்லையைக் கீழே வைப்பார்கள். ஒரு முறை திரும்ப மாட்டமாட்டார்கள். பில்லை போனபின் மிச்சமிருப்பது ஊசி. அதன் தலைப்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துத் தெரியும். டிசிக்கு இஎஸ். ஆரம்ப எம்ஜிபிக்கு எம்பி. பிறகு ஓர் எம்ஜிபிக்கு வெறும் 5. ஏன் எழுத்திலிருந்து எண்ணுக்குத் தாவினார்கள் என்று காரணம் தேடினால் ஆயுசு போய்விடும். அரைக்கால் அங்குலத்துக்கு ஓரிடமாக ஊசியின் பருமனை அளந்து எழுதிய பட்டியல் இருக்கிறது. வித்தியாசம் தலைமுடிப் பருமன்கூட வராது. அதற்காக ஊசியைச் சாணைக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்த வீரர்களும் இருந்தார்கள். இரண்டு கார்புரேட்டரில் இரண்டு வேறு ஊசி இருந்தால் அந்தக் காரை நாலு பேர் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்; இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஒரே கஞ்சன்.

இதே கம்பெனி மின்சாரப் பெட்ரோல் பம்பும் செய்தது. சாவி போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, குழாய் நிரம்பியதும் நிதானமாகும். பல சமயம் ஒரேயடியாக நிதானமாகிவிடும். உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். நடுரோட்டில் வண்டி நின்றால் செய்ய வேண்டிய வைத்தியம் தலைமுறை தலைமுறையாக ஒன்றுதான்: இறங்கு, காலிலிருந்து ஷூவைக் கழற்று, குதிகாலால் பம்பின் மேல் ஒன்று போடு. உடனே டிக் டிக். ஷூ கடைக் குடும்பம் பரம்பரைத் தொழிலை முழுசாகக் கைவிடவில்லை.

எம்ஜி ஆட்கள் இவ்வளவு அடி வாங்குகிறார்களே என்று ட்ரையம்ஃப் ஆட்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்கட்டும். ட்ரையம்ஃபின் முதலாளியான ஸ்டாண்டர்டு கம்பெனித் தலைவர் சர் ஜான் பிளாக், மார்கன் என்ற ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியை வாங்கப் பார்த்தார். மார்கன்கள் விற்கவில்லை. அந்த ஆத்திரத்தில் பிறந்ததே ட்ரையம்ஃப் டிஆர் 2. இன்ஜினுக்கு எங்கே போவது? ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்ற தடித்த சலூன் காரின் 2088 சிசி இன்ஜின் கையில் இருந்தது. வேன்கார்டு நம் மதராஸிலும் அசெம்பிள் ஆகி ஓடிய கார். அதே இன்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. சிலிண்டர் லைனரைச் சற்றுச் சிறிதாக்கி 1991 சிசிக்குக் கொண்டுவந்து, இரண்டு எஸ்யு எச் 4 மாட்டி, பெயின்ட் அடித்தார்கள். 1953 மே மாதம் பெல்ஜியத்தில் யாபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 124 மைலைத் தாண்டி ஓடிக் காட்டியது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவர்களுக்கு ரெக்கார்டே மிஞ்சியது. டிராக்டர் இன்ஜின் என்று சொன்னால் டிஆர் ஆட்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காருக்காகச் செய்ததைத்தான் டிராக்டருக்குக் கொடுத்தார்கள், தலைகீழாகச் சொல்லாதே என்று வாதாடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் லைனர் தேய்ந்தபோது டிராக்டர் பாகம் விற்கிற கடைக்கு அவர்களில் பலர் இருட்டிய பிறகு போய்வந்ததும் சரித்திரம்தான்.

தீயணைப்புப் பம்பு கதை சிறியது. கவென்ட்ரி கிளைமேக்ஸ் என்பது ஃபோர்க்லிஃப்ட் செய்து பிழைத்த கம்பெனி. ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடத்தக்க லேசான தீயணைப்புப் பம்புக்கு ஓர் அலுமினிய இன்ஜின் செய்தது. இறகளவு எடை என்பதைக் குறிக்க எஃப்டபிள்யூ என்று பெயர். பந்தயக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். அதைக் கொஞ்சம் பெரிதாக்கி 1216 சிசியில் லோட்டஸ் எலீட்டுக்கு வைத்தபோது, உலகத்தின் அழகான கார்களில் ஒன்று தண்ணீர் இறைக்கிற இன்ஜினின் தயவில் ஓடியது.

ட்ரையம்ஃபுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல் இருந்தது. எஸ்யு கார்புரேட்டர் வாங்குகிற ஒவ்வொரு முறையும் காசு எதிரியான பிஎம்சிக்குப் போனது. பேட்டன்ட் வேறு. ஜெனித் கம்பெனியோடு சேர்ந்து ஸ்ட்ராம்பெர்க் சிடி என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதே எழும்பும் பிஸ்டன், அதே ஊசி, அதே எண்ணெய். எஸ்யுவில் பிஸ்டன் சிலிண்டரோடு உரசாமல் கச்சிதமாக உட்காரும். இதில் அதற்குப் பதில் ஒரு ரப்பர் சவ்வு. பேட்டன்ட் வக்கீலுக்கு அந்தச் சவ்வு போதும். மேல் மூடி நாலு திருகோடு இருந்து, உள்ளே சவ்வு கிழிந்து, வண்டி மேடு ஏற மறுத்தால் அது ஸ்ட்ராம்பெர்க்.

பகை எல்லாம் 1968-ல் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரையின் கீழ் எம்ஜியையும் ட்ரையம்ஃபையும் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எழுபதுகளின் நடுவில் அமெரிக்கா போன எம்ஜிபிக்கு இரட்டை எஸ்யு போய், எதிரி வீட்டு ஸ்ட்ராம்பெர்க் ஒன்றே ஒன்று வந்தது. 1974-ல் அதையும் மிஞ்சினார்கள். எம்ஜி மிட்ஜெட்டின் ஜென்மப் பகையாளி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அந்த ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி இன்ஜினை எடுத்து மிட்ஜெட்டில் வைத்து, மேலே எண்கோணத்தை ஒட்டிவிட்டார்கள்.

அந்த இன்ஜினின் பூர்விகத்தைத் தோண்டினால் 1953-ன் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற 803 சிசி ஏழைக் கார் வரும். இடையில் அது 948 சிசியாக ட்ரையம்ஃப் ஹெரால்டுக்குள் இருந்தது. அதே ஹெரால்டு 1961-லிருந்து சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வரிசையாக வெளியே வந்தது. டேப்பட் இடைவெளி ஹெரால்டுக்குப் பத்து தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு. மிட்ஜெட் 1500-க்கும் பத்து தௌ. ஹெரால்டிலேயே காலம் தள்ளிய மதராஸ் மெக்கானிக் ஒருவரை ஆபிங்டனில் இறக்கிவிட்டிருந்தால், பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, மேனுவலைத் திறக்காமலே செட் பண்ணிக் கொடுத்திருப்பார்.